தனியாக வாசித்தால் சேரும் சுருதி, நாலு பேரோடு உட்கார்ந்தால் ஏன் விலகுகிறது?

கேள்வி: நாற்பது வயதுக்கு மேல் கர்நாடக வயலின் கற்கிறேன். அதற்கு முன்பிருந்தே வாட்டர்கலர் ஓவியமும் உண்டு. வீட்டில் தனியாக வாசிக்கும்போது டியூனர் ஆப் எல்லா ஸ்வரத்துக்கும் பச்சை காட்டுகிறது. குழுவோடு வாசித்தால் மட்டும் சுருதி விலகுகிறது என்கிறார்கள். ஓவியத்தை நானாகவே பழகியதுபோல இதையும் பழகிக்கொள்ள முடியுமா?

பதில்:

முடியும். ஆனால் ஆப்பைப் பார்த்துப் பழக முடியாது. தம்புராவையும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரையும் கேட்டுத்தான் பழக வேண்டும். நானும் வேலைக்குப் போய்க்கொண்டே வயலின் கற்றவள்தான். சனிக்கிழமை சாயங்காலங்களில் ஒரு வீட்டு மாடியில் கூடி வாசிக்கும் சின்னக் குழுவில் இருக்கிறேன். வயலின்கள், ஒரு புல்லாங்குழல், பாடுகிறவர்கள், மிருதங்கம். ஓவியமும் வரைகிறேன். அதனால் உங்கள் கேள்வி எனக்கு ரொம்ப நெருக்கமானது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அந்தப் பச்சை விளக்கு. பெரும்பாலான டியூனர் ஆப்கள் கீபோர்டின் சம அளவுக் கணக்கை வைத்திருப்பவை. அதாவது ஒரு கட்டைக்கும் ஒன்றரைக் கட்டைக்கும் (கீபோர்டில் அடுத்தடுத்த இரண்டு சாவிகள்) நடுவே உள்ள தூரம்தான் எல்லா இடத்திலும். அந்தத் தூரத்தை நூறு பங்காகப் பிரித்தால், பஞ்சமத்தில் கீபோர்டுக்கும் தம்புராவுக்கும் இரண்டு பங்குதான் வித்தியாசம், காதுக்குத் தெரியாது. அந்தர காந்தாரத்தில், அதாவது காந்தாரங்களில் உயர்ந்ததில், அப்படியில்லை. தம்புராவோடு இயல்பாக ஒட்டும் காந்தாரம், கீபோர்டு காந்தாரத்தை விடச் சுமார் 14 பங்கு கீழே இருக்கிறது. மோகன ராகத்தில் அந்தக் காந்தாரத்தில் கார்வை கொடுத்து, நீட்டி நின்றால், ஆப் பச்சை காட்டும்போதே பக்கத்தில் பாடுகிறவர் முகம் சுளிப்பார். அவர் தம்புராவைக் கேட்டுப் பாடுகிறார், நீங்கள் ஆப்பைப் பார்த்து வாசிக்கிறீர்கள், அவ்வளவுதான். ஆப்பை வெறும் தந்தியில் ஸாவும் பாவும் சேர்க்க வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் அதை அணைத்துவிடலாம்.

சந்தர்ப்பம் கிடைத்தால் ஒரு நிஜத் தம்புராவின் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். நாலு தந்தி: பஞ்சமம், இரண்டு ஸாரணி (நடு ஸட்ஜம்), மந்தர ஸட்ஜம் (கீழ் ஸட்ஜம்). குதிரையின் மேல் ஒவ்வொரு தந்திக்கும் அடியில் ஒரு பருத்தி நூல் இருக்கும், ஜீவா என்பார்கள். தந்தியை மீட்டிக்கொண்டே அந்த நூலை ஒரு மயிரிழை முன்னும் பின்னும் நகர்த்தினால், ஓர் இடத்தில் சத்தம் சட்டென்று திறந்துகொண்டு ரீங்காரம் கிளம்பும். அந்த ரீங்காரத்துக்குள் காது கொடுத்தால் அந்தர காந்தாரம் கேட்கும். எந்தத் தந்தியிலும் யாரும் காந்தாரம் வைக்கவில்லை. மந்தர ஸட்ஜத்தைப் போல ஐந்து மடங்கு வேகத்தில் அதிரும் ஒலி அது, தந்தி தானாகவே தருவது. எங்கள் டீச்சர் இதை முதன்முதலாகக் கேட்க வைத்த அன்றைக்கு எனக்கு உடம்பு சிலிர்த்தது. கை வைக்க வேண்டிய இடம் விரல் பலகையில் இல்லை, காற்றில் ஏற்கெனவே இருக்கிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. எலெக்ட்ரானிக் தம்புராவிலும் நல்லதாக இருந்தால் கொஞ்சம் கேட்கும், நிஜத்தில் கேட்கும் அளவுக்கு இருக்காது.

இனி பயிற்சி. தம்புராவைப் போட்டுக்கொண்டு ஸா தந்தியை வெறுமனே, நீண்ட வில்லில், மெதுவாக இழுங்கள். ஃபைன் டியூனரைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, பிறகு மிக மெல்லத் திருப்பிக்கொண்டே வாருங்கள். இரண்டு சத்தமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும்போது உவ்வ்-உவ்வ் என்று ஓர் அலை எழும். ஒன்று 400 ஹெர்ட்ஸ், இன்னொன்று 403 என்றால் நொடிக்கு மூன்று அலை. நெருங்க நெருங்க அலை மெதுவாகும். சேர்ந்த இடத்தில் நின்றுவிடும். சுருதி சேர்ந்ததா இல்லையா என்று யாரையும் கேட்க வேண்டாம், அந்த அலை நின்றதா என்று கேளுங்கள். இதுவரை “விலகுது” என்று பொதுவாகச் சொன்னார்களே, அதற்கு இப்போது உங்கள் காதிலேயே ஓர் அளவு கிடைத்துவிட்டது.

அதன் பிறகு இன்னொருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஸாவைப் பிடித்துக்கொண்டே இருக்க, மற்றவர் விரலை ஸாவுக்குக் கொஞ்சம் கீழே வைத்து மேலே வழுக்கி வந்து அலை நிற்கும் இடத்தில் நிற்க வேண்டும். பிறகு ஆள் மாற வேண்டும். ஸா வந்ததும் பா, பா வந்ததும் காந்தாரம். எங்கள் டீச்சர் ஒரு முழு வகுப்பையும் இதிலேயே ஓட்டிவிடுவார். கீர்த்தனை வாசிக்கலாம் என்ற ஆசையோடு வருகிறவர்களுக்கு அலுப்பாகத்தான் இருக்கும். இருந்தாலும் எங்கள் குழுவில் இதைப் பொறுமையாகச் செய்தவர்கள் சீக்கிரம் சேர்ந்துவிட்டார்கள் என்பதைக் கண்ணால் பார்த்தேன்.

இதில் கவனிக்க வேண்டியது, ஸ்வரம் தொடங்கிய பிறகும் திருத்தலாம் என்பது. விரலின் நுனியை உருட்டினாலே போதும், அந்த 14 பங்கு நகர்ந்துவிடும். நன்றாக வாசிக்கிறவர்கள் எல்லோரும் ஒவ்வொரு முறையும் குறி தவறாமல் விரல் வைக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். வைத்த கணத்திலேயே காது சொல்ல, விரல் நகர்ந்துவிடுகிறது. அது நமக்குத் தெரிவதில்லை.

அடுத்தது சத்தம். குழுவில் சுருதி விலகுவதற்குப் பாதிக் காரணம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். நாம் தரையில் உட்கார்ந்து, வயலின் தலையை வலது கணுக்காலில் ஊன்றி, அடிப்பக்கத்தை மார்போடு அணைத்துக்கொள்கிறோம். வயலின் இடது காதுக்குக் கீழேயே ஒலிக்கிறது. அழுத்தி வாசித்தால் நம் சத்தத்தைத் தவிர வேறு எதுவும் நமக்குக் கேட்காது. பக்கத்தில் இருப்பவர் நம்மை விடக் கொஞ்சம் அதிகமாக நம் காதுக்குக் கேட்கிற அளவுக்கு வில்லைக் குறையுங்கள். எல்லோரும் அப்படிச் செய்தால் மொத்தச் சத்தமும் இறங்கும், தம்புரா மேலே வரும், தானாகவே சேரும். அரைவட்டமாக உட்கார்ந்து தம்புராவை நடுவில் வைப்பது நல்லது. ஒரே ஒரு தம்புரா. ஆளுக்கொரு போனில் ஆளுக்கொரு ஆப் போட்டுக்கொண்டு “எல்லாம் ஐந்தரைக் கட்டைதானே” என்றால் நடக்காது, ஒவ்வொரு ஆப்பிலும் நுண் அளவு வேறு வேறாக நிற்கும்.

இங்கே உங்கள் ஓவியத்துக்கு வருகிறேன். ஒரு கொய்யாப்பழத்தை வரையத் தொடங்கும் புதியவர், பழத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுக் காகிதத்தையே பார்த்துக்கொண்டு வரைவார். பழகியவர் பழத்தையே பார்த்துக்கொண்டிருப்பார், காகிதத்துக்குக் கண் நடுநடுவே வந்து போகும். நீங்கள் இரண்டாவது வகையாக எப்போதோ மாறியிருப்பீர்கள். குழுவில் வாசிக்கும்போது செய்ய வேண்டியது அதேதான்: காது வெளியே இருக்க வேண்டும், தன் வயலினுக்கு நடுநடுவே வந்து போனால் போதும். நிறம் விஷயத்திலும் உங்களுக்குத் தெரியும், ஒரே சாம்பல் நிறம் மஞ்சளுக்குப் பக்கத்தில் நீலம் தட்டியும், நீலத்துக்குப் பக்கத்தில் மஞ்சள் தட்டியும் தெரியும். பக்கத்து நிறத்தைப் பார்க்காமல் எந்த நிறத்தையும் முடிவு செய்ய மாட்டீர்கள். இந்தப் பழக்கம் ஏற்கெனவே உங்களிடம் இருப்பதால், சுருதியும் உங்களுக்கு வரும் என்று தைரியமாகச் சொல்கிறேன்.

ஒரு வேறுபாடும் உண்டு. ஓவியத்தில் வாஷ் (தண்ணீர் கலந்து பூசிய நிறம்) காயும்வரை காத்திருக்கலாம், எட்டி நின்று பார்க்கலாம், நாளைக்குத் தொடரலாம். தனியாக, நம் வேகத்தில் நடக்கும் வேலை அது. குழுவில் தாளம் நிற்காது. ஒரு ஸ்வரம் விலகினால் அதைப் பிடித்துக்கொண்டு வருத்தப்பட நேரமில்லை, அடுத்த ஸ்வரத்தில் சேர்ந்துகொள்ள வேண்டியதுதான். ஓவியர்களுக்கு இதுதான் ரொம்பக் கடினமாக இருக்கிறது. ஒரு சின்னப் பிசிறைக்கூட விடமாட்டோம் இல்லையா.

இசைக்காக ஓவியத்தை விட்டுவிடாதீர்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் சுருதி கேட்டால் காது சோர்ந்துவிடும், விலகியிருப்பதும் சேர்ந்ததாகவே தோன்றும். அப்போது வில்லைத் தளர்த்தி வைத்துவிட்டுத் தூரிகையை எடுப்பதுதான் நல்ல ஓய்வு. வரையும்போது தம்புராவை மெல்லிய சத்தத்தில் ஓடவிடுங்கள். ஆனால் சும்மா பின்னணியில் ஓடினால் பலனில்லை. தூரிகையைத் தண்ணீரில் அலசுகிற ஒவ்வொரு தடவையும் ஒரு ஸாவை வாய்க்குள் முனகிப் பாருங்கள். அலை நிற்கிறதா? சரி, அடுத்த நிறத்தைத் தொடுங்கள். எனக்கு மந்தர பஞ்சமம் இப்படித்தான் பிடிபட்டது.

சுருதி சரியாக இருந்தும் சேராததுபோல் கேட்கும் இடம் ஒன்று இருக்கிறது, கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்து வாசிப்பது. ஒருவர் தோடி ராகத்தின் காந்தாரத்தை அகலமாக அசைக்க, இன்னொருவர் குறுக்கி அசைத்தால், ஆளுக்கு ஆள் சுத்தமாக இருந்தும் மொத்தத்தில் கலங்கலாகத்தான் கேட்கும். அதனால் புதிய குழு தோடியையும் சஹானாவையும் கொஞ்ச நாள் தள்ளி வைத்துவிட்டு மோகனம், ஹம்ஸத்வனி போன்றவற்றில் தொடங்குவது நல்லது. வாசிக்கும் முன் அந்த வரியை எல்லோரும் வயலினைக் கீழே வைத்துவிட்டு வாயால் பாட வேண்டும். எந்த இடத்தில் அசைவு, எங்கே நேராக நிற்பது என்பது பாடும்போதே ஒன்றாகிவிடும். வாய் ஒத்துப்போகாத இடத்தில் வில் ஒத்துப்போகாது.

குழுவில் ஹார்மோனியமோ கீபோர்டோ இருந்தால் நான் மேலே சொன்ன காந்தாரக் கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள். அது அசையாது, அதனால் அசையக்கூடியவர்கள்தான் அதனோடு போக வேண்டும். நம் இசைக்கு அது பொருந்துமா என்ற சண்டை பழையது. அகில இந்திய வானொலி 1940ல் ஹார்மோனியத்தைத் தடையே செய்தது, 1971ல்தான் தளர்த்தியது. எனக்கும் கமகத்துக்கு அது போதாது என்றுதான் அபிப்பிராயம். ஆனால் பஜனைக் கூட்டத்தில் நாற்பது பேரை ஒரே சுருதியில் கட்டிப்போடுகிற அதன் பலத்தை மறுக்க முடியாது.

வெயிலும் ஏசியும் உங்கள் கையில் இல்லாத விஷயங்கள், தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். சூடு ஏறினால் எஃகுக் கம்பி விரிந்து சுருதி இறங்கும். புல்லாங்குழலுக்குள் இருக்கும் காற்று சூடானால் அதன் சுருதி ஏறும், ஒரு டிகிரிக்கு அந்த நூறு பங்கில் சுமார் மூன்று பங்கு. ஏசி அறைக்குள் போனால் இரண்டும் எதிர்த்திசையில் நகரும். அதனால் வந்தவுடனே சேர்த்துவிட்டோம் என்று இருக்காமல், கால் மணி நேரம் அந்த அறையில் வாத்தியங்களைத் திறந்து வைத்து, பிறகு ஒரு தடவை, இடைவேளையில் ஒரு தடவை என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மிருதங்கக்காரர் பாட்டுகளுக்கு நடுவே கல்லும் புள்ளுமாக (சின்ன மரக்கட்டை) வாரைத் தட்டிச் சேர்ப்பதும் இதற்காகத்தான். அந்த ஒரு நிமிடம் யாரும் பேசாமல், தந்தியை மீட்டிப் பார்க்காமல் இருப்பது அவருக்குப் பெரிய உதவி. வலந்தலையின், அதாவது மிருதங்கத்தின் வலது முகத்தின், ஸா சேர்ந்துவிட்டால் நம் அத்தனை பேருக்கும் அது இன்னொரு தம்புரா.

யார் யாரிடம் சொல்வது என்ற சங்கடம் எல்லாக் குழுவிலும் வரும். எங்கள் குழுவில் வயதில் மூத்த ஒருவர், அருமையாகப் பாடுவார், உற்சாகத்தில் மேலே மேலே ஏறிவிடுவார். “சார், சுருதி ஏறுது” என்று அவரிடம் நேரே சொல்ல யாருக்கும் மனசு வராது. பாட்டு முடிந்ததும் புல்லாங்குழல் வாசிக்கும் பையன், “மாமா, எனக்கு ஒரு தடவை ஸா சரிபார்க்கணும், நீங்களும் கொடுங்களேன்” என்பான். எல்லோரும் ஸாவில் நிற்போம். அவரும் நிற்பார், தானே இறங்கி வந்துவிடுவார். உங்களிடம் “விலகுது” என்று சொன்னவர்களிடமும் இதையே கேளுங்கள்: எந்த ஸ்வரத்தில், ஏறுகிறதா இறங்குகிறதா என்று. பொதுவாகச் சொன்னால் பயம்தான் வரும். “பிரதி மத்யமத்தில் கொஞ்சம் இறங்குது” என்று சொன்னால் வீட்டுக்குப் போய் வேலை செய்ய முடியும்.

நாகஸ்வரக் குழுக்களில் முன்பு ஒத்து ஊதுவதற்கென்றே ஒருவர் இருப்பார், ஸட்ஜத்தை விடாமல் பிடித்துக்கொண்டு. உங்கள் குழுவிலும் ஒவ்வொரு வாரமும் ஒருவர் அந்த வேலையைச் செய்யலாம் என்று கேட்டுப் பாருங்கள்: ஒரு பாட்டு முழுக்க ஸா பா மட்டும் இழுப்பது. முதல் முறை நீங்களே முன்வாருங்கள். எல்லோரும் எங்கே ஏறுகிறார்கள், எங்கே இறங்குகிறார்கள் என்று அந்த இடத்தில் உட்கார்ந்தால் அவ்வளவு தெளிவாகக் கேட்கும். அடுத்த வாரம் மறுபடி பாட்டு வாசிக்கும்போது ஆப் ஞாபகமே வராது.