நூலகத்துல ஊர் ஞாபகங்களைச் சேகரிக்கறது: மைக்கைக் கையில எடுக்கறதுக்கு முன்னாடி யோசிக்க வேண்டியது

கேள்வி: நான் ஒரு பொது நூலகத்துல வேலை பார்க்கறேன். பெரியவங்களோட பழைய ஞாபகங்களைப் பகிர்ந்துக்க ஒரு சாயங்கால நிகழ்ச்சி வெச்சோம். 50 பேர் வந்தாங்க, ஆனா மைக்கைக் குடுத்தா அதே 3 பேர்தான் மாத்தி மாத்திப் பேசினாங்க. போன்ல ரெக்கார்ட் பண்ணின 7 ஃபைல் இருக்கு, வாட்ஸ்அப்ல வந்த பழைய போட்டோவும் நிறைய இருக்கு. ஒரு பெரியவர் வெள்ளம் வந்த வருஷத்தைத் தப்பா சொன்னார்னு இன்னொருத்தர் சண்டைக்கே வந்துட்டார். பேசினவங்கள்ல ஒரு பாட்டிக்கு இப்ப உடம்பு முடியல. கையில இருக்கறதை என்ன பண்றது, அடுத்த தடவை எப்படி நடத்தறது?

பதில்: 50 பேர் தேடி வந்திருக்காங்கன்னா ஆர்வத்துக்குக் குறைச்சலே இல்ல, அதனால ஆள் சேர்க்கறதைப் பத்தி நான் பேசப் போறதில்ல. சிக்கல் மைக்லதான். நாற்காலியை வரிசையா போட்டு, முன்னாடி ஒரு மைக் வெச்சு, "உங்க ஊர் வரலாற்றைச் சொல்லுங்க"ன்னு கேட்டா, மேடையில பேசிப் பழகினவங்க மட்டும்தான் எழுந்திருப்பாங்க. மத்தவங்க மனசுல வரலாறுன்னா ராஜா, தலைவர், போர், அவ்வளவுதான். தான் 12 வயசுல தண்ணி தூக்கிட்டு நடந்த வழி வரலாறுன்னு அவங்களுக்குத் தோணவே தோணாது. கடைசி வரிசையில உக்காந்து பேசாம எழுந்து போனவங்ககிட்டதான் உங்களுக்கு வேண்டியது இருந்திருக்கும், நான் இதை எத்தனையோ தடவை பார்த்துட்டேன்.

அதனால அடுத்த தடவை மேடையே வேண்டாம். ஒரு மேஜைக்கு 5, 6 பேர், நடுவுல பெருசா பிரிண்ட் எடுத்த ஒரு மேப், நாலு பென்சில். "உங்க பழைய வீடு எங்க இருந்தது, பள்ளிக்கூடத்துக்கு எந்த வழியா போவீங்க"ன்னு மட்டும் கேளுங்க, மீதியை மேப்பே பார்த்துக்கும். ஒருத்தர் கோடு போட்டதும் பக்கத்துல இருக்கறவர் "அங்க ஒரு கிணறு இருந்துச்சே"ம்பார், அப்புறம் நீங்க வாயே திறக்க வேண்டாம். "அந்தக் காலம் எப்படி இருந்துச்சு"ங்கற மாதிரி அகலமா கேட்டா "நல்லா இருந்துச்சு"ன்னு ஒரே வார்த்தையில பதில் வரும். முதல் சம்பளத்துல என்ன வாங்கினீங்க, வீட்டுக்குக் கரண்ட் வந்த அன்னிக்கு ராத்திரி என்ன பண்ணீங்கன்னு கேட்டுப் பாருங்க, வித்தியாசம் தெரியும். இன்னொண்ணு, வயசானவங்களுக்குப் பொதுவா 10 வயசுல இருந்து 30 வயசு வரைக்கும் நடந்ததுதான் அதிகமா நிக்கும், இதை உளவியல்காரங்க ரொம்ப நாளா ஆராய்ஞ்சு எழுதியிருக்காங்க. அதனால 75 வயசுக்காரர்கிட்ட போன 20 வருஷத்தைப் பத்திக் கேக்காதீங்க, அவர் இருபதுகள்ல இருந்த காலத்துக்குப் போங்க.

போட்டோவை வெச்சுத் தொடங்கறதும் நல்ல வழி. அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தோட பாஸ்டன் வளாகம் 2004-ல இருந்து ஊர் ஊரா போய் இதைப் பண்ணியிருக்காங்க, உள்ளூர் நூலகங்களும் சேர்ந்து நடத்தும். ஒரு ஆள் 3 போட்டோ வரைக்கும் கொண்டு வரலாம், அங்கேயே ஸ்கேன் பண்ணி அங்கேயே திருப்பிக் குடுத்துடுவாங்க, போட்டோ பின்னாடி இருக்கற கதையையும் எழுதி வாங்கிப்பாங்க. 3-ன்னு கணக்கு வெச்சது சாமர்த்தியம்னு நான் நினைக்கறேன், ஏன்னா வீட்டுல ஆல்பத்தைப் புரட்டி மூணே மூணைத் தேர்ந்தெடுக்கும்போதே பாதி கதை அவங்க மனசுல தயாராயிடும். 2003-ல நியூயார்க் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்துல ஒரு சின்ன அறையில ஆரம்பிச்ச, சாதாரண ஜனங்களோட பேச்சைப் பதிவு பண்ற ஸ்டோரிகார்ப்ஸ்ங்கற அமைப்புல ஒருத்தரை ஒருத்தர் நல்லா தெரிஞ்ச 2 பேரை 40 நிமிஷம் பேச விடுவாங்க. பாட்டியும் பேத்தியும், பழைய ஆசிரியரும் மாணவரும்னு நீங்களும் ஜோடியா கூப்பிட்டுப் பாருங்க, முன்னபின்ன தெரியாத உங்ககிட்ட சொல்லாததை எல்லாம் பேத்திகிட்ட சொல்வாங்க.

இதெல்லாம் கூட்டம் நடத்தற பக்கம். நான் முக்கியமா சொல்ல நினைக்கறது வேற: ஒருத்தர்கிட்ட வாய் திறந்து கேக்கறதுக்கு முன்னாடியே, அவர் சொல்லப் போறது எங்க போய்ச் சேரும், யார் கேப்பாங்க, திரும்ப அவர் கைக்கு எப்படி வரும்னு நீங்க முடிவு பண்ணி வெச்சிருக்கணும். ஞாபகம் அவங்களோடது, நூலகம் அதைப் பத்திரமா வெச்சுக்கற இடம், அவ்வளவுதான். இதை மனசுல வெச்சுக்கிட்டா ஒப்புதல் படிவம், ஃபைல் பேரு, நெட்ல போடலாமா கூடாதாங்கறது எல்லாத்துக்கும் தானா பதில் கிடைச்சுடும்.

ஒப்புதல் படிவம் ஒரே பக்கம் போதும், ஆனா வக்கீல் பாஷை வேண்டாம், படிக்கத் தெரியாதவங்களுக்கு வாய்விட்டுப் படிச்சுக் காட்டற மாதிரி இருக்கணும். நெட்ல எல்லாரும் கேக்கலாமா, நூலகத்துக்குள்ள வந்து மட்டும் கேக்கலாமா, இத்தனை வருஷம் கழிச்சுதான் திறக்கணுமான்னு தனித்தனியா கேட்டு டிக் வாங்குங்க. பேசறதுக்கு முன்னாடி ஒரு தடவையும் பேசி முடிச்ச பிறகு ஒரு தடவையும் கேக்கணும், ஏன்னா என்ன சொல்லப் போறோம்னு முன்னாடி அவங்களுக்கே தெரியாது, பேச்சு வேகத்துல தம்பியோட கடன், பக்கத்து வீட்டுப் பொண்ணோட கல்யாணம் நின்னது எல்லாம் வெளிய வந்துடும். பேச்சுல வர்ற அந்த மூணாவது ஆள் நம்மகிட்ட எந்தச் சம்மதமும் குடுக்கல, அந்தப் பகுதியைப் பொதுவுல போடற பிரதியில வெட்டிடுங்க.

நம்மால காப்பாத்த முடியாத வாக்கைக் குடுக்கவே கூடாது. அமெரிக்காவுல பாஸ்டன் கல்லூரிங்கற இன்னொரு நிறுவனத்துக்காக 2001-ல இருந்து 2006 வரைக்கும் வட அயர்லாந்து மோதல்ல ஆயுதம் எடுத்தவங்களைப் பேட்டி எடுத்தாங்க, நீங்க உயிரோட இருக்கற வரைக்கும் வெளிய விட மாட்டோம்னு நம்பிக்கை குடுத்துதான் எடுத்தாங்க, ஆனா 2011-ல சட்டப்படி நோட்டீஸ் வந்து கடைசியில சில டேப்பை போலீஸ்கிட்டயே குடுக்க வேண்டியதாச்சு. நம்ம நூலகத்துல அந்த அளவுக்கு விஷயம் வராதுதான், இருந்தாலும் "யாருக்கும் தெரியாம வெச்சுப்போம்"னு சொல்லாதீங்க, "எங்களால முடிஞ்ச வரைக்கும், சட்டம் அனுமதிக்கற வரைக்கும்"னு சொல்லுங்க. போட்டோவுக்கும் இதே கவனம் வேணும். பிரிண்ட் கையில இருக்கறதால அதோட காப்பிரைட்டும் கொண்டு வந்தவருக்கே சொந்தம்னு சொல்ல முடியாது, ஸ்டூடியோவுல எடுத்ததா வீட்டுல எடுத்ததான்னு கேட்டு எழுதி வெச்சுக்கோங்க.

ரெக்கார்டிங்குக்கு பெரிய மெஷின் தேவையில்ல, போன் போதும், ஆனா சட்டையில மாட்டற ஒரு சின்ன மைக் வாங்கிடுங்க, ஃபேனை நிறுத்துங்க, ஏரோபிளேன் மோட் போடுங்க. சத்தத்தைச் சுருக்காம சேமிக்கற வேவ் ஃபார்மட்ல 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் மோனோன்னு வெச்சா ஒரு மணி நேரத்துக்கு 500 எம்பி சொச்சம் வரும், அது ஒண்ணும் பெரிய இடம் இல்ல. போட்டோவை வாட்ஸ்அப்ல வாங்காதீங்க, அது படத்தைச் சுருக்கிடும். முடிஞ்சா ஒரிஜினலையே கொண்டு வரச் சொல்லி 600 டிபிஐ நுணுக்கத்துல, தரம் குறையாத டிஃப் ஃபைலா ஸ்கேன் பண்ணுங்க, வெளியூர்ல இருக்கறவங்களா இருந்தா வாட்ஸ்அப்லயே போட்டோவா இல்லாம டாக்குமெண்ட்டா அனுப்பச் சொல்லுங்க. போட்டோவுக்குப் பின்னாடி பால்பாயிண்ட் பேனாவுல எழுதவே கூடாது, முன்பக்கம் தழும்பு விழுந்துடும்.

ஃபைலுக்குப் பேரு வைக்கறதை அன்னிக்கு ராத்திரியே முடிச்சுடுங்க. முன்னாடி நான் வேலை பார்த்த ஒரு நூலகத்துல 30-க்கு மேல பேட்டி எடுத்து, அப்புறம் பார்த்துக்கலாம்னு விட்டுட்டோம். 2 வருஷம் கழிச்சுத் திறந்தா எல்லாமே "புதிய ரெக்கார்டிங்" 1, 2, 3-ன்னு இருக்கு. அதுல ஒரு அம்மா தறி நெய்யறதைப் பத்தி அவ்வளவு அழகா பேசியிருந்தாங்க, அவங்க யாருன்னு இன்னிக்கு வரைக்கும் எங்களால கண்டுபிடிக்க முடியல. அந்தக் குரலைக் கேக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப் போகும். அதனாலதான் இப்ப ரெக்கார்டிங்கோட முதல் 10 விநாடியில தேதி, இடம், பேசறவர் பேரு, கேக்கறவர் பேரு எல்லாத்தையும் வாய்ல சொல்லித்தான் ஆரம்பிப்பேன், ஃபைல் பேரு மாறிப் போனாலும் குரல்லயே அடையாளம் இருக்கும். பிரதி மொத்தம் 3 வேணும், 2 வேற வேற விதமான சாதனத்துல, அதுல ஒண்ணு வேற கட்டடத்துல. ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க 4-ல இருந்து 6 மணி நேரம் ஆகும், ஆளில்லைன்னா முழுசா எழுத வேண்டாம், எந்த நிமிஷத்துல எதைப் பத்திப் பேசறாங்கன்னு ஒரு குறிப்புப் பட்டியல் இருந்தாலே தேடறவங்களுக்கு உதவும்.

வருஷம் தப்பா சொன்ன பெரியவர் விஷயத்துக்கு வர்றேன். அதைத் திருத்தாதீங்க, ரெக்கார்டிங்ல கையே வைக்காதீங்க. இத்தாலியில தெர்னிங்கற ஊர்ல லூயிஜி த்ராஸ்துல்லின்னு ஒரு 21 வயசு ஆலைத் தொழிலாளி 1949 மார்ச்ல, அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்த நேட்டோ ராணுவக் கூட்டணியில இத்தாலி சேரறதை எதிர்த்து நடந்த போராட்டத்துல போலீசால செத்துப் போனார். பல வருஷம் கழிச்சு அலெஸாண்ட்ரோ போர்தெல்லிங்கற வரலாற்று ஆய்வாளர் அந்த ஊர்க்காரங்களைக் கேட்டப்ப நிறைய பேர் அது 1953-ல, ஆலையில கூட்டம் கூட்டமா ஆளை வெளியேத்தினப்ப நடந்ததுன்னு சொன்னாங்க. அவர் அதை மறதின்னு ஒதுக்கல. தங்களை ரொம்பப் பாதிச்ச வேலையிழப்போட அந்தச் சாவை ஊரே மனசுல சேர்த்து வெச்சிருக்குன்னு புரிஞ்சுக்கிட்டார், வாய்மொழி வரலாறு படிக்கறவங்க இன்னிக்கும் அதைத்தான் பாடமா எடுத்துக்கறாங்க. உங்க பெரியவரும் வெள்ளத்தை அவர் குடும்பத்துல அந்த வருஷம் நடந்த வேற எதோடயாவது முடிச்சுப் போட்டு வெச்சிருக்கலாம், பக்குவமா கேட்டுப் பாருங்க. பழைய பத்திரிகையில இருந்து சரியான வருஷத்தை எடுத்துப் பக்கத்துல தனிக் குறிப்பா போடுங்க. சண்டைக்கு வந்தவரையும் விட்டுடாதீங்க, அவருக்கும் வெள்ளம் அவ்வளவு நல்லா ஞாபகம் இருக்குன்னா அவரையும் உக்கார வெச்சுத் தனியா பதிவு பண்ணுங்க.

இதெல்லாம் நூலகத்தோட வேலையான்னு மேலதிகாரி கேட்டா, யுனெஸ்கோவும் உலக நூலகச் சங்கக் கூட்டமைப்பும் சேர்ந்து 2022-ல புதுப்பிச்ச பொது நூலக அறிக்கையைக் காட்டுங்க. உள்ளூர் அறிவையும் மரபையும் வாய்மொழி மரபையும் காப்பாத்தறது பொது நூலகத்தோட பணின்னு அதுல இருக்கு.

இப்ப கையில இருக்கற 7 ஃபைல். அதுல யாரும் படிவத்துல கையெழுத்துப் போடலைன்னு நினைக்கறேன், அதனால இப்போதைக்கு எதையும் நெட்ல ஏத்தாதீங்க. இந்த வாரமே எல்லாத்தையும் 2 இடத்துல காப்பி எடுத்து, யார் பேசறாங்கன்னு நீங்க மறக்கறதுக்குள்ள பேரு போடுங்க. அப்புறம் ஒவ்வொருத்தரையா பார்த்து, அவங்க பேசினதை அவங்களுக்கே போட்டுக் காட்டிட்டு, வெச்சுக்கலாமான்னு கேளுங்க. ஒரு பென் டிரைவ்ல காப்பியும் குடுத்துட்டு வாங்க. உடம்பு முடியாத அந்தப் பாட்டி வீட்டுக்கு முதல்ல போங்க. மைக் எடுத்துட்டுப் போக வேண்டாம், அவங்க குரலை மட்டும் எடுத்துட்டுப் போய் குடும்பத்தோட உக்காந்து கேக்க வையுங்க. மேல பேசணும்னு அவங்களுக்கே தோணினா இன்னொரு நாள் போய்க்கலாம்.