டாஸ்க் வராத நாட்களையும் நோட்டில் எழுதுங்கள்

கேள்வி: எனக்கு வயது 34. ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 8 வருடம் இருந்தேன். குழந்தை பிறந்தபின் வேலையை விட்டுவிட்டேன். ஒன்றரை வருடமாக வீட்டிலிருந்தபடியே ஏஐக்கு டேட்டா அனோடேஷன் செய்கிறேன், அதாவது ஏஐ கற்றுக்கொள்ளும் தரவுகளுக்கு அடையாளம் இடுகிறேன். படங்களில் இருப்பவற்றைச் சுற்றிக் கட்டம் போடுவது, பேச்சைக் கேட்டு எழுதுவது, இப்போது ஏஐ தரும் இரண்டு பதில்களில் எது மேல் என்று சொல்வது, இப்படி. ஒரு மாதம் மூச்சுவிட நேரம் இருக்காது. அடுத்த மாதம் ‘டாஸ்க் எதுவும் இல்லை’ என்ற ஒற்றை வரியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். போன மாதம் என் தர மதிப்பெண் திடீரென்று சரிந்து, வேலை தரும் இணையதளத்தில் என் கணக்கை இரண்டு வாரம் பூட்டிவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. “கட்டம் போடுறதெல்லாம் ஒரு வேலையா? ரெண்டு வருஷத்துல அதையும் ஏஐயே செஞ்சிடும்” என்கிறார் கணவர். தொடரலாமா, விட்டுவிடலாமா?

- பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: உங்கள் கணவரின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அதற்குப் பதில் சொல்வது சுலபம்.

கணினி படத்தைப் பார்த்து ‘இது பூனை, இது லாரி’ என்று சொல்லத் தொடங்கியதற்குப் பின்னால் இமேஜ்நெட் என்ற படத் தொகுப்பு இருக்கிறது. 2009-ல் வெளிவந்து, பிறகு 1 கோடியே 40 லட்சம் படங்களுக்கு மேல் வளர்ந்தது. அவற்றுக்குப் பெயர் ஒட்டியவர்கள் 167 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 49,000 பேர். வீட்டில் உட்கார்ந்து, ஒரு படத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு செய்தார்கள். அந்தத் தொகுப்பை வைத்து நடந்த போட்டியில் 2012-ல் அலெக்ஸ்நெட் என்ற மாடல் மற்ற எல்லாவற்றையும் பெரிய வித்தியாசத்தில் முந்தியது. இன்றைய ஏஐ அலை அங்கிருந்துதான் வேகம் பிடித்தது. அந்த 49,000 பேருக்கு வேலை கொடுத்த தளத்தின் பெயர் அமேசான் மெக்கானிக்கல் டர்க். 1770-ல் ஐரோப்பாவில் காட்டப்பட்ட ஒரு சதுரங்க இயந்திரத்தின் பெயர் அது. தானே காய் நகர்த்துகிறது என்று ஊரே வாயைப் பிளந்தது. பெட்டிக்குள்ளே ஒரு மனிதர் மடங்கி உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தார். தளத்துக்குப் பெயர் வைத்தவர்கள் குறும்புக்காரர்கள்தான். பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பவர் நீங்கள் என்று கணவரிடம் சொல்லுங்கள்.

ஆக, இது வேலைதான். உங்களுக்குக் கட்டுபடியாகிற வேலையா என்பதுதான் யோசிக்க வேண்டியது. உங்கள் கடிதத்தில் ஒரு எண்கூட இல்லாதது எனக்கு ஆச்சரியம், அதுவும் கணக்குப் பிரிவில் இருந்தவர்!

ஒரு நோட்டு எடுங்கள். நான்கு வாரம் எழுதுங்கள். டாஸ்க் செய்த நேரத்தைத் தளமே காட்டும், அது போதாது. வேலை வருமா என்று பக்கத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருந்த நேரம், எப்படிச் செய்ய வேண்டும் என்ற விதிகள் அடங்கிய 40 பக்கக் கைட்லைன் படித்த நேரம், சம்பளமில்லாமல் எழுதிய தகுதித் தேர்வு, செய்து முடித்தபின் ரிஜெக்ட் ஆன டாஸ்க், அது ஏன் என்று கேட்டு மின்னஞ்சல் அனுப்பிய நேரம் என்று எல்லாமே வேலை நேரம்தான். பணம் கைக்கு வரும்போது பிடிக்கிற கட்டணத்தையும் நாணய மாற்றில் போவதையும் கழித்துவிடுங்கள். திரை 22 மணி நேரம் என்று காட்டும் வாரத்தில் நீங்கள் 35 மணி நேரம் நாற்காலியில் இருந்திருந்தால், ஒரு மணி நேரத்துக்குக் கிடைப்பதாக நீங்கள் நினைப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூடக் கையில் நிற்பதில்லை.

மெக்கானிக்கல் டர்க்கில் வேலை செய்த 2,676 பேர் முடித்த 38 லட்சம் டாஸ்க்குகளை எடுத்து 2018-ல் சில ஆய்வாளர்கள் இப்படித்தான் கணக்குப் போட்டார்கள். மணிக்குச் சுமார் 2 டாலர்தான் இடைநிலை வருமானம், அதாவது பாதிப் பேர் அதற்கும் கீழே, என்று வந்தது. அமெரிக்க மத்திய அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலியான 7.25 டாலருக்கு மேல் சம்பாதித்தவர்கள் 100-க்கு 4 பேர். டாஸ்க் தேடும் நேரமும், செய்தும் பணம் வராத வேலையும்தான் வருமானத்தைக் கீழே இழுத்தன. எல்லாத் தளங்களும் இப்படி இல்லை, மணிக்கணக்கில் ஒழுங்காகத் தருகிற பிராஜெக்ட்டுகள் இருக்கின்றன. உங்களுடையது எந்த ரகம் என்பதை நோட்டு சொல்லிவிடும். வருகிற எண்ணை, உங்கள் பழைய துறையில் பகுதி நேரமாக வேலை பார்த்தால் கிடைப்பதோடு ஒப்பிடுங்கள். போக்குவரத்து, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆகும் செலவு இரண்டையும் கழித்துவிட்டுத்தான்.

சரி, மதிப்பெண் விஷயம். கடிதத்தில் இதுதான் உங்களை அதிகம் உறுத்துகிறது என்று தெரிகிறது.

காரணம் சொல்லாமல் மதிப்பெண் இறங்குவதற்குப் பெரும்பாலும் குறிப்பிட்ட சில காரணங்கள்தான் இருக்கும். சரியான விடை முன்பே தெரிந்த டாஸ்க்குகளை நடுநடுவே கலந்து விடுவார்கள். அது எது என்று நமக்குத் தெரியாது, அதில் இரண்டு தவறினால் போதும், கீழே போய்விடும். இன்னொன்று, ஒரே டாஸ்க்கை மூன்று நான்கு பேருக்குக் கொடுத்து ஒப்பிடுவது. பெரும்பான்மையோடு ஒத்துப்போகாதவருக்கு அடி விழும், அவர் சொன்னதே சரியாக இருந்தாலும்கூட. இரண்டு பேர் ஒத்துப்போனது தற்செயலாகவா என்று கழித்துப் பார்ப்பதற்கு கப்பா என்று ஓர் அளவு உண்டு, 1960-ல் ஜேக்கப் கோஹன் கொடுத்தது. ஒரு பிராஜெக்ட்டில் எல்லோருக்கும் இடையே அந்த அளவு குறைவாக இருந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது கைட்லைனைத்தான். ஆனால் அந்த அளவு உங்கள் கண்ணுக்குக் காட்டப்படாது. தண்டனை மட்டும் வரும். இது அநியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மூன்றாவது காரணத்தில் நானே மாட்டியிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் பேச்சைக் கேட்டு எழுதும் பிராஜெக்ட் ஒன்றில் இருந்தேன். பேசுபவர் ‘அது வந்து’, ‘ம்ம்’ என்று இழுத்தால் அதையும் அப்படியே எழுத வேண்டும், ‘போய்ட்டு’ என்றால் ‘போய்ட்டு’தான், ‘போய்விட்டு’ என்று திருத்தக்கூடாது. கை அதற்குப் பழகிவிட்டது. ஒரு திங்கட்கிழமை கைட்லைனின் புதிய பதிப்பு வந்திருந்தது. ‘சிறு மாற்றங்கள்’ என்று தலைப்பு. சிறு மாற்றம்தானே என்று திறக்கவில்லை. இழுவைச் சொற்களை விட்டுவிட வேண்டும் என்று அதில் ஒரு வரி. நான் எழுதிய 60 ஒலித் துண்டுகள் திரும்பி வந்தன. அன்றிலிருந்து பதிப்பு எண்ணையும் மாறிய வரியையும் ஒரு காகிதத்தில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டுத்தான் ஆரம்பிப்பேன்.

நீங்கள் கட்டம் போடுவதிலும் இதே கதைதான். பேருந்தின் பக்கவாட்டில் ஒரு விளம்பரம், அதில் சிரித்துக்கொண்டு நிற்கும் ஒரு முகம். அதற்கு ‘மனிதர்’ என்று கட்டம் போடுவதா வேண்டாமா? சைக்கிளில் போகிறவரும் சைக்கிளும் ஒரே கட்டமா, இரண்டா? பாதி காரை மரம் மறைக்கிறது என்றால் தெரிகிற பாதிக்கு மட்டும் கட்டமா, மறைந்திருக்கும் பாதியையும் ஊகித்து இழுப்பதா? ஒவ்வொரு பிராஜெக்ட்டும் ஒவ்வொரு பதில் சொல்லும். போன பிராஜெக்ட்டின் பழக்கத்தை இதற்குக் கொண்டுவந்துவிடுவதுதான் அனுபவசாலிகள் செய்கிற தவறு, புதியவர்கள் பயந்து பயந்து கைட்லைனைப் பார்ப்பார்கள். இழுபறியான கேஸ் வரும்போதெல்லாம் அது என்ன, நீங்கள் என்ன முடிவெடுத்தீர்கள், எந்தப் பதிப்பின் எந்த விதிப்படி என்று ஒரு வரி குறித்து வையுங்கள். மேல்முறையீட்டுக்கு வழி இருந்தால் அந்த ஒரு வரிதான் உங்கள் சாட்சி. டாஸ்க் திரையைப் படம் பிடித்து வைக்காதீர்கள், ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். உங்கள் வருமானப் பக்கத்தையும் மதிப்பெண் பக்கத்தையும் வாரம் ஒரு முறை சேமித்து வைக்கலாம். சேர்ந்த பணத்தை அவ்வப்போது எடுத்துவிடுங்கள், பூட்டிய கணக்குக்குள் அது மாட்டிக்கொள்ள வேண்டாம்.

மிச்சக் காரணங்கள்: அளவுக்கு மீறிய வேகம், இன்னொருவர் கணக்கைப் பயன்படுத்துவது, இருக்கும் இடத்தை மறைக்கும் விபிஎன் வழியாக நுழைவது. அப்புறம், ஏஐயை வைத்தே எழுதி ஒட்டுவது. நீங்கள் அப்படிச் செய்வதாகச் சொல்லவில்லை, ஆனால் ஆசை எல்லோருக்கும் வரும். 2023-ல் சுவிட்சர்லாந்தில் ஓர் ஆய்வுக்குழு, கட்டுரைச் சுருக்கம் எழுதும் டாஸ்க்கை மெக்கானிக்கல் டர்க்கில் போட்டுப் பார்த்தது. எழுதியவர்களில் 33 முதல் 46 சதவீதம் பேர் ஏஐயின் உதவியோடு எழுதியிருப்பார்கள் என்று அவர்கள் கணித்தார்கள். மனிதர் என்ன நினைக்கிறார் என்று தெரிந்துகொள்ளத்தான் பணம் தருகிறார்கள். அங்கே ஏஐயின் பேச்சை ஒட்டினால் உங்களுக்கு எதற்குக் காசு? கண்டுபிடித்தால் இரண்டு வாரப் பூட்டோடு நிற்காது.

இரண்டு வருடத்தில் ஏஐயே செய்துவிடுமா? கட்டம் போடுவதில் பெரும்பகுதியை ஏற்கெனவே செய்கிறது. இப்போதெல்லாம் கட்டம் முன்கூட்டியே போடப்பட்டுத்தான் வருகிறது இல்லையா, நீங்கள் விளிம்பைத் திருத்துகிறீர்கள். அந்த வேலை மெலிந்துகொண்டே போகும், அதில் உங்கள் கணவர் சொல்வது சரி. ஆனால் நீங்கள் கடைசியாகக் குறிப்பிட்டது, இரண்டு பதில்களில் எது மேல் என்று சொல்வது, அது வேறு ரகம். 2022-ல் ஓபன்ஏஐ நிறுவனம் தன் இன்ஸ்ட்ரக்ட்ஜிபிடி மாடலைச் சொன்னபடி கேட்க வைத்தது சுமார் 40 ஒப்பந்தக்காரர்கள் எழுதியதையும் தரவரிசைப்படுத்தியதையும் வைத்துத்தான். சாட்ஜிபிடி அதன் தம்பி மாதிரி. இந்த வகை வேலை இப்போது துறை தெரிந்தவர்களைத் தேடுகிறது: மருத்துவம், சட்டம், நிரலாக்கம், கணக்கு.

கணக்கு! தேய்மானம் கணக்கிட்ட ஒரு விடையை ஏஐ நம்பிக்கையோடு எழுதித் தரும். மூன்றாவது வரியில், பயன்பாட்டுக் காலம் முடிந்தபின் பொருளுக்கு மிஞ்சும் எஞ்சிய மதிப்பைக் கழிக்க மறந்திருக்கும். மொழி மட்டும் தெரிந்தவர் அதற்கு ‘தெளிவான பதில்’ என்று ஐந்துக்கு ஐந்து போடுவார். உங்கள் கண் அந்த வரியில் நின்றுவிடும். உங்கள் சுயவிவரத்தில் அந்த 8 வருட அனுபவம் எங்கே இருக்கிறது? முதல் வரியில் இருக்கட்டும். கணக்கியல், நிதி என்று தகுதித் தேர்வு கேட்கும் பிராஜெக்ட்டுகளை மட்டும் இரண்டு மாதம் குறிவையுங்கள். ஒரே தளத்தை நம்பாமல் இன்னும் ஒன்றிரண்டில் பதிவு செய்யுங்கள், ஆனால் பயிற்சிக் கட்டணம், முன்பணம் என்று கேட்கும் எந்த இடத்திலும் கால் வைக்காதீர்கள். வேலை தருபவர் உங்களிடம் காசு கேட்க மாட்டார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வன்முறை, ஆபாசம் போன்றவற்றைப் பார்த்து வகை பிரிக்கும் பிராஜெக்ட்டுகள் காசு கொஞ்சம் கூடுதலாகத் தந்தால்கூட, குழந்தை பக்கத்து அறையில் தூங்கும் வீட்டில் அவை வேண்டாம் என்பேன். பார்த்தது எளிதில் மனதை விட்டுப் போகாது.

ஆகவே, தொடருங்கள், நான்கு வாரக் கணக்கு வரும்வரை. அந்த எண் பகுதி நேர வேலையைவிடக் கீழே இருந்தால், கணக்கியல் டாஸ்க்குகளுக்கு அந்த இரண்டு மாதத்தைக் கொடுத்துப் பாருங்கள். அப்போதும் ஏறவில்லை என்றால் வெளியே வேலை தேடுங்கள், இதை மாலை நேரத்துக்கு ஒதுக்குங்கள். விண்ணப்பத்தில் ‘வீட்டில் இருந்தேன்’ என்று எழுதிவிடாதீர்கள். எத்தனை டாஸ்க் முடித்தீர்கள், எந்த வகை, நல்ல மாதங்களில் தர மதிப்பெண் எவ்வளவு என்று எழுதுங்கள்.

கடைசியாக, இன்றிரவு கணவரிடம் இந்த இரண்டு வாடிக்கையாளர் கருத்துகளைக் கொடுங்கள். ஒன்று: ‘சூப்பர் போன், வாங்கின ரெண்டாவது நாளே சார்ஜ் ஏறுறதை நிறுத்திடுச்சு.’ மற்றது: ‘குறை சொல்ல ஒண்ணும் இல்ல, அடுத்த தடவை வேற கம்பெனிதான்.’ நேர்மறையா, எதிர்மறையா, நடுநிலையா, ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், காரணத்தையும் ஒரு வரியில் எழுத வேண்டும். முதலாவதை உடனே முடித்துவிடுவார். இரண்டாவதில் எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள், அதையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.