வெளிநாடு போய் வந்து ஒரு மாதமாகியும் வயிறு சரியாகவில்லை. என்ன செய்யலாம்?

மலப் பரிசோதனை செய்யுங்கள். ஒரு தடவை செய்து ஒன்றும் இல்லை என்று வந்திருந்தாலும் திரும்பச் செய்யுங்கள். இரண்டு மாதம் கஷ்டப்பட்டுத்தான் இதைத் தெரிந்துகொண்டேன்.

எனக்குத் திருகோணமலை, உவர்மலைப் பக்கம். அம்மாவைக் கூட்டிக்கொண்டு காசிக்குப் போய் வந்தேன். அங்கே நன்றாகத்தான் இருந்தேன். வீட்டுக்கு வந்து பத்து நாள் கழித்துத் தொடங்கியது. காய்ச்சல் இல்லை, இரத்தம் இல்லை. வயிறு ஊதியே இருக்கும், கூழ்முட்டை நாற்றத்தில் ஏப்பம் வரும், மலம் எண்ணெய்ப் பசையாகப் போகும். இரண்டு நாள் நிற்கும், மூன்றாம் நாள் திரும்ப வரும். பாமசியில் கேட்டு இரண்டு முறை அன்டிபயோட்டிக் வாங்கிக் குடித்தேன். அது பெரிய பிழை. பரிசோதனை ஒன்று செய்தேன், அதிலும் எதுவும் இல்லை. யோசனை கூடினால் இப்படி வரும் என்றார்கள் முதலில் பார்த்தவர்கள். ஆறு கிலோ குறைந்துவிட்டேன்.

அப்புறம் பார்த்த டொக்டர் முதலில் கேட்டதே, "எந்த நாட்டுக்குப் போனீங்கள், எப்ப வந்தீங்கள்?" என்றுதான். வேறு வேறு நாட்களில் மூன்று மாதிரி எடுக்கச் சொன்னார். இரண்டாவதில் ஜியார்டியா அகப்பட்டது. சிறுகுடலில் ஒட்டி வாழும் ஒட்டுண்ணி அது. எல்லா நாளும் மலத்தோடு வெளியே வராது, அதனால்தான் ஒரு மாதிரியில் தப்பிவிடுகிறது. உள்ளே போய் ஒன்றிலிருந்து மூன்று கிழமைக்குள்தான் வேலையைக் காட்டும். குளோரின் போட்ட தண்ணீரிலும் தாக்குப்பிடிக்கும், கொதித்த தண்ணீரில் பிழைக்காது.

டொக்டர் தந்த மெட்ரோனிடசோல் குளிசையோடு வயிற்றோட்டம் நின்றது. ஆனால் பால்தேத்தண்ணி குடித்தால் மட்டும் வயிறு பொருமியது. திரும்ப வந்துவிட்டது என்று பயந்தே போனேன். பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குடல் சுவரில்தான் இருக்கிறதாம். சுவர் புண்பட்டால் அது குறைந்துபோய், தேறுவதற்குச் சில கிழமை எடுக்கும். பாலை நிறுத்தினேன். கிண்ணியாத் தயிர் ஒத்துக்கொண்டது. பால் உறையும்போதே அந்தச் சர்க்கரையில் ஒரு பகுதி குறைந்துவிடுகிறது.

பரிசோதனையெல்லாம் சுத்தமாக வந்த பிறகும் சிலருக்குக் குடல் மாதக்கணக்கில் அடங்காமல் இருப்பதுண்டு. அதற்கு அன்டிபயோட்டிக் உதவாது.

வயிற்றோட்டம் கூடிய நாளில் ஒரு ஜீவனி (உப்பும் சர்க்கரையும் கலந்த தூள்) பக்கற்றை ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். இரத்தம், காய்ச்சல், எடை குறைதல், நித்திரையிலிருந்து எழுப்பும் ஓட்டம், இதில் எது இருந்தாலும் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போன நாடு, திரும்பிய திகதி, வருத்தம் தொடங்கிய திகதி மூன்றையும் ஒரு துண்டில் எழுதிக் கொண்டுபோங்கள். முதல் பார்த்தவர்களிடம் காசிக்குப் போனதை நான் சொல்லவே இல்லை.