‘கிவ் மீ’ சரி, ‘எக்ஸ்ப்ளெய்ன் மீ’ தவறு: ஏன்?

கேள்வி: “‘கிவ் மீ எ புக்’ என்கிறோம். அதே போல ‘எக்ஸ்ப்ளெய்ன் மீ திஸ் லெசன்’ என்றால் தவறு என்கிறார்கள். இரண்டிலும் ‘எனக்கு’ என்றுதானே பொருள்?”

கல்லூரியில் சேர்ந்த முதல் மாதம், கரும்பலகையில் இருந்த கணக்கில் ஒரு வரி எனக்குப் புரியவில்லை. எழுந்து நின்று, “சார், ப்ளீஸ் எக்ஸ்ப்ளெய்ன் மீ திஸ் ஸ்டெப்” என்றேன். ஆசிரியர் கணக்கை விட்டுவிட்டு என் ஆங்கிலத்தைத் திருத்தினார். வகுப்பு சிரித்தது. ‘எக்ஸ்ப்ளெய்ன் டு மீ’ என்று சொல்ல வேண்டுமாம். ஏன் என்று அவர் சொல்லவில்லை. அந்தக் கணக்கும் எனக்கு அன்று புரியாமலே போனது. இப்போது நான் மாலை நேரத்தில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். ஆண்டுதோறும் யாராவது ஒருவர் இதே வாக்கியத்தோடு எழுந்து நிற்கிறார். என் வகுப்பில் யாரும் சிரிக்க நான் விடுவதில்லை. அந்தப் பிள்ளை பேசுவது ஒழுங்கில்லாத மொழி அல்ல, தமிழின் ஒழுங்கு.

தமிழில் பெறுபவரை அடையாளம் காட்டும் வேலையை ‘கு’ பார்த்துக்கொள்கிறது. ‘எனக்குப் புத்தகம் கொடு’ என்றாலும் ‘புத்தகத்தை எனக்குக் கொடு’ என்றாலும் யாருக்கு, எது என்பதில் குழப்பமில்லை. கொடு, அனுப்பு, விளக்கு, எதுவானாலும் அதே ‘எனக்கு’ போதும். நான்காம் வேற்றுமையின் பொருள்களை நன்னூல் சூத்திரம் அடுக்கும்போது ‘கொடை’ என்றுதான் அந்த அடுக்கைத் தொடங்குகிறது. ஐரோப்பியரும் இதே இடத்துக்கு வந்திருக்கிறார்கள்: இந்த வேற்றுமைக்கு அவர்கள் வைத்த ‘டேட்டிவ்’ என்ற பெயர், ‘கொடு’ என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து பிறந்தது. கொடுப்பவன், பெறுபவன், பொருள் என்று மூன்று பேர் கூடும் இடம் இலக்கணக்காரர்களை எங்கும் ஈர்த்திருக்கிறது.

ஆங்கிலத்துக்கும் ஒரு காலத்தில் இந்த ‘கு’ இருந்தது. இது தெரிந்த நாளில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை இன்றும் மறக்கவில்லை. இன்று ‘அவனை’, ‘அவனுக்கு’ இரண்டுக்கும் பயன்படும் ‘ஹிம்’ என்ற சொல், பழைய ஆங்கிலத்தில் ‘அவனுக்கு’ மட்டும்தான். ‘அவனை’ என்பதற்கு ‘ஹினே’ என்று வேறு சொல் இருந்தது. அது மறைந்து, அதன் வேலையும் ‘ஹிம்’மின் தலையில் விழுந்தது. ‘மீதிங்ஸ்’ என்று ஒரு பழைய சொல் உண்டு. ‘நான் நினைக்கிறேன்’ என்று அதற்குப் பொருள் எழுதுவார்கள். உண்மையில் அது சொல்லுக்குச் சொல் நம் ‘எனக்குத் தோன்றுகிறது’தான், அந்த ‘மீ’ நான்காம் வேற்றுமை.

பிறகு பெயர்ச்சொற்களின் உருபுகள் தேய்ந்து உதிர்ந்தன. யாருக்கு என்பதைக் காட்ட இரண்டு வழிகள் மிஞ்சின. ஒன்று இடம்: பெறுபவரை வினைக்கு அடுத்தே உட்கார வைப்பது. ‘ஷி கேவ் ராமு எ பென்.’ மற்றொன்று ‘டு’ என்ற சிறு சொல்: ‘ஷி கேவ் எ பென் டு ராமு.’ முதல் வாக்கியத்தில் ராமுவுக்கு எந்த ஒட்டும் இல்லை. அவன் இருக்கும் நாற்காலிதான் அவனுக்கு ‘கு’. உங்கள் கேள்விக்கான விடை இங்கே இருக்கிறது. அந்த நாற்காலியை எல்லா வினைகளும் தருவதில்லை.

கிவ், சென்ட், லெண்ட், டெல், டீச், ஷோ, பே ஆகியவை தருகின்றன. எக்ஸ்ப்ளெய்ன், டிஸ்க்ரைப், டொனேட், கான்ட்ரிப்யூட், சஜஸ்ட், இன்ட்ரொட்யூஸ் தருவதில்லை; அவற்றுக்கு ‘டு’ வேண்டும். இரண்டு வரிசைகளையும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். முதல் வரிசை குட்டைச் சொற்கள், பெரும்பாலும் ஆங்கிலத்தின் பழைய வீட்டுச் சொற்கள். இரண்டாவது, லத்தீன் வேரிலிருந்து வந்து சேர்ந்த நெட்டைச் சொற்கள். ஆங்கிலம் பேசுபவர்களுக்கு லத்தீன் வரலாறு தெரிந்திருக்க வேண்டியதில்லை, காது போதும். மொழியை ஆராயும் உளவியலாளர் ஸ்டீவன் பிங்கரும் உடன் ஆய்வாளர்களும் 1989இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில் இல்லாத வினைகளைப் புனைந்து மக்களிடம் வைத்தார்கள். ஓரசைச் சொல்லாக இருந்தபோது ‘கிவ் மீ’ வடிவத்தை அவர்கள் எளிதாக ஏற்றார்கள். நீண்ட சொல்லாக இருந்தபோது தயங்கினார்கள்.

இது முழு விதி அல்ல. ‘ஆஃபர்’, ‘ப்ராமிஸ்’ இரண்டும் ஈரசைச் சொற்கள், ஆனாலும் ‘ஹி ப்ராமிஸ்ட் மீ எ ஜாப்’ சரி. அவற்றில் அழுத்தம் முதல் அசையில் விழுவதைக் கவனியுங்கள். ‘அவார்ட்’ அதற்கும் அடங்காது; அழுத்தம் இரண்டாம் அசையில் விழுந்தும் அது நாற்காலி தருகிறது. ‘சே’ என்பது குட்டையான, பழைய வீட்டுச் சொல். இருந்தும் ‘சே மீ’ என்பதில்லை. இவற்றைத் தனியாக மனத்தில் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இரண்டு வடிவங்களையும் ஏற்கும் வினையிலும் பொருள் முழுக்க ஒன்றல்ல. ‘ஐ சென்ட் எ லெட்டர் டு லண்டன்’ என்பதில் தவறில்லை. ‘ஐ சென்ட் லண்டன் எ லெட்டர்’ என்றால் கேட்பவர் நெற்றி சுருங்கும். வினைக்கு அடுத்த நாற்காலியில் உட்காருபவர் அந்தப் பொருளைக் கையில் வாங்கிக்கொள்ளக் கூடியவராக இருக்க வேண்டும். ஊருக்குக் கை இல்லை. அந்த ஊரில் இருக்கும் அலுவலகத்தைத்தான் ‘லண்டன்’ என்று சொல்கிறீர்கள் என்றால் அந்த வாக்கியமும் சரியாகிவிடும். தமிழில் ‘லண்டனுக்கு அனுப்பினேன்’, ‘அவனுக்கு அனுப்பினேன்’ இரண்டுக்கும் ஒரே ‘கு’ வருவதால் இந்த வேறுபாடு நம் கண்ணில் படுவதில்லை.

நாற்காலி கிடைத்த பெறுபவருக்கு இன்னொரு உரிமையும் உண்டு. அவர் எழுந்து வாக்கியத்தின் தலைமாட்டுக்கே போகலாம்: ‘ஐ வாஸ் கிவன் எ புக்.’ தமிழில் இது நடக்காது. ‘எனக்கு ஒரு புத்தகம் கொடுக்கப்பட்டது’ என்போம், ‘நான் ஒரு புத்தகம் கொடுக்கப்பட்டேன்’ என்று சொல்லவே முடியாது. எழுவாய் இடம் புத்தகத்துக்குத்தான். ‘ஐ வாஸ் எக்ஸ்ப்ளெய்ன்ட் த ரூல்ஸ்’ என்று நம் அலுவலகக் கடிதங்களில் அடிக்கடி பார்க்கிறேன். அது தவறுவதும் அதே காரணத்தால்தான். எக்ஸ்ப்ளெய்ன் அந்த நாற்காலியையே தரவில்லை, அங்கிருந்து எழுந்து போவது எப்படி?

நமக்கும் இப்படி ஒரு பழைய நுட்பம் இருந்ததை வகுப்பில் சொல்லாமல் நான் விடுவதில்லை. எனக்கும் உனக்கும் என்றால் ‘தா’, மூன்றாம் ஆளுக்கு என்றால் ‘கொடு’ என்று தொல்காப்பியம் பிரிக்கிறது. பெறுபவர் யார் என்பதை வினையே சொல்லிவிடும். நாம் அதைப் பெரிதும் தளர்த்திவிட்டோம். மலையாளத்தில் அந்தப் பிரிவு இன்றும் வீட்டுப் பேச்சிலேயே இருக்கிறது. ஆங்கிலத்தின் ‘கிவ்’ எல்லோருக்கும் ஒன்றுதான்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். தமிழில் புகார் கொடுக்கிறோம், மரியாதை கொடுக்கிறோம். அதை அப்படியே ‘கிவ்’ என்று மாற்றினால் பல இடங்களில் பொருந்தாது. புகாருக்கு ‘மேக்’ அல்லது ‘லாட்ஜ்’, மரியாதைக்கு ‘ஷோ’. தேர்வு எழுதும் மாணவருக்கு ‘டேக்’. ‘கிவ்’ என்றால் தேர்வு வைக்கும் ஆசிரியர். ‘ப்ரொவைட்’, ‘சப்ளை’ இரண்டும் ‘வித்’தோடு வரும்: ‘தே ப்ரொவைடட் அஸ் வித் ஃபுட்.’

நாளை உங்கள் வகுப்பில் எழுந்து நிற்கும்போது ‘குட் யூ எக்ஸ்ப்ளெய்ன் திஸ் டு மீ?’ என்று கேளுங்கள். நாக்கு பழையபடி ‘எக்ஸ்ப்ளெய்ன் மீ’ என்றே போனாலும் கேள்வியை முடிக்காமல் உட்கார்ந்துவிடாதீர்கள்.