வாசகர் கேள்வி – பதில்: திருகோணமலை வெயிலுக்குப் பழகினாக்கள் கேன்யனுக்குப் போகலாமா?

கேள்வி: அண்ணா, எங்கட மகன் கலிபோர்னியாவில இருக்கிறார். வாற யூலையில நாங்க ரெண்டு பேரும் அங்க போறம். பிள்ளையளுக்கு லீவாம், கார்லயே சையன், பிரைஸ், கிராண்ட் கேன்யன் எண்ட பாறைப் பள்ளத்தாக்குத் தேசியப் பூங்காக்கள் எல்லாம் போய் டென்ட் அடிச்சுத் தங்கி ஹைக்கிங் போறதா பிளான் போட்டு வைச்சிருக்கிறார். பேரப்பிள்ளையளுக்கு 9 வயசும் 6 வயசும். இவருக்கு 66, பிரஷருக்குக் குளிசை போடுறவர். பாலைவனமெல்லோ எண்டு கேட்டா, "திருகோணமலை வெயில்ல வளந்த ஆக்களுக்கு இதெல்லாம் ஒரு வெயிலே அம்மா" எண்டு சிரிக்கிறார். அவர் சொல்றது சரியோ? — உப்புவெளி வாசகி

பதில்: போங்கோ அக்கா, கட்டாயம் போங்கோ, பேரப்பிள்ளையளோட அந்தக் கல்லையும் வானத்தையும் பாக்கிறது லேசில கிடைக்கிற வாய்ப்பில்லை. ஆனா மகன்ர அந்தக் கதையை மட்டும் நம்பிப் போகாதேங்கோ, அங்க கஷ்டப்படுற கனபேர் வெயிலுக்குப் பயப்பிடாத ஆக்கள்தான்.

எங்கட ஊரில வேர்க்குது எண்டது உடனே தெரியும், சட்டை முதுகில ஒட்டும், விசிறியைத் தேடுவம். அங்க காத்தில ஈரமே இல்லை, கச்சான் காத்து அடிக்கிற நாளை விடவும் காய்ஞ்ச காத்து, வேர்வை வந்த கையோட காய்ஞ்சு போயிடும், தோல் பொருபொருவெண்டு இருக்கும், சட்டையில வெள்ளையா உப்புக் கோடு விழுந்த பிறகுதான் எவ்வளவு வேர்த்திருக்கு எண்டு விளங்கும். அதால தாகம் வரட்டும் எண்டு பாத்துக்கொண்டு இருக்கக்கூடாது. ஒராளுக்கு ஒரு நாளைக்கு 4 லீற்றர் தண்ணி கணக்கு, அது கார்ல எப்பவும் இருக்கோணும். இன்னொண்டு, வெறும் தண்ணியா குடிச்சுக்கொண்டே இருந்தாலும் ஆபத்து, ரத்தத்தில உப்புக் குறைஞ்சு தலையிடி, சத்தி, தடுமாற்றம் எண்டு வரும், அதைப் பாத்திட்டு தண்ணி காணாதாக்கும் எண்டு இன்னும் தண்ணியைக் குடுத்தா நிலைமை மோசமாகும். இடைக்கிடை உப்புக் கடலை, மிக்சர் எண்டு கொறிக்கோணும். இங்க இருந்து போகேக்க தண்ணியில கரைச்சுக் குடிக்கிற உப்புத்தூள், ஜீவனி, நாலைஞ்சு பைக்கற் கொண்டு போங்கோ. அண்ணருக்கு மட்டும் முதல்ல டொக்டரிட்ட கேளுங்கோ, சில பிரஷர் குளிசை உடம்பில இருக்கிற தண்ணியையும் உப்பையும் சலத்தோட வெளியில எடுக்கிறது, எவ்வளவு உப்பு எடுக்கலாம் எண்டு அவர்தான் சொல்லோணும்.

மகன்ட பிளான்ல நான் மாத்தச் சொல்றது தங்கிற இடத்தைத்தான். மூண்டும் ஒரே மாதிரி இடமில்லை. சையன் பள்ளத்தாக்கு சுமார் 1200 மீற்றர் உயரம்தான், யூலையில பகல் 38 பாகைக்கு மேல போகும், ராவிலயும் பாறை விட்ட சூடு டென்டுக்குள்ள நிக்கும், அங்க ஏசி ரூம் எடுக்கச் சொல்லுங்கோ, காசு பாக்க வேண்டாம். பிரைஸ் 2400 மீற்றருக்கு மேல, நுவரெலியாவை விட உயரம், யூலையிலயும் விடியப்புறம் பல்லு நடுங்கும், டென்ட் அடிக்கிறதெண்டா அங்க அடியுங்கோ, சுவெட்டரும் நல்ல ஸ்லீப்பிங் பேக்கும் இருக்கோணும். பகல்ல உருகி ராவில உறையிற தண்ணி பாறையைப் பிளந்து பிளந்து செதுக்கின தூண்கள் அங்க ஆயிரக்கணக்கில நிக்குது, காலமை வெளிச்சம் படேக்க செம்மஞ்சளா எரியும், சின்னவன் அதை வாழ்க்கையில மறக்க மாட்டான். இந்த இடங்களில கனக்கத்துக்கு ஆறு மாசத்துக்கு முதலே ஒன்லைன்ல புக்கிங் திறக்கும், உடனேயே முடிஞ்சும் போகும், மகன் புக் பண்ணிட்டாரோ எண்டு இண்டைக்கே கேளுங்கோ.

கிராண்ட் கேன்யன்லதான் நான் கடுமையா சொல்லுவன். சிவனொளிபாத மலையில உடம்பு புதுசா இருக்கேக்க ஏறிப்போட்டு களைச்ச பிறகு இறங்கிறம். அங்க மாறி. காலமைக் குளிர்ல சுகமா இறங்கிப் போயிடுவியள், ஏறுறது உச்சி வெயில்ல, களைச்ச காலோட, இறங்கின நேரத்தை மாதிரி ரெண்டு மடங்கு பிடிக்கும். சுமார் 1.6 கிலோமீற்றர் ஆழம், கீழ போகப் போகச் சூடு கூடும், மேல விளிம்பில 29 பாகை எண்டா கீழ ஆத்தடியில 40ஐத் தாண்டும். காலமை 10 மணியில இருந்து பின்னேரம் 4 மணி வரை உள்ளுக்குள்ள நடக்காதேங்கோ எண்டு பார்க்காரரே சொல்லினம். நீங்களும் அண்ணரும் விளிம்புப் பாதையில நடங்கோ, அது கிட்டத்தட்டச் சமதரை, காட்சியும் குறைவில்லை. மகனும் பெரியவனும் வேணுமெண்டா விடியவே பிரைட் ஏஞ்சல் பாதையில முதல் மடம் வரை, 2.4 கிலோமீற்றர், போட்டு வரட்டும். அங்க தண்ணிக் குழாய் இருக்கு, ஆனா பைப்லைன் அடிக்கடி உடையிறது, ரேஞ்சரிட்ட கேட்டிட்டு இறங்கச் சொல்லுங்கோ.

கேள்வி: ரெண்டு பக்கமும் பாறைச் சுவர், நடுவில ஒராள் போற இடுக்கு, அந்த ஸ்லொட் கேன்யன் படங்கள் பாத்தனான் அண்ணா. அதுக்குள்ள வெள்ளம் வருமாமே. வானம் நீலமா கிடக்க வெள்ளம் எங்கால வரும்? — மூதூர் வாசகர்

பதில்: மூதூர்க்காரர் நீங்களே இதைக் கேக்கிறியள் தம்பி. மலைநாட்டில பெய்யிற மழை மகாவலியால கொட்டியாரக் குடாவுக்கு வாறதுதானே, உங்கட வீட்டு முத்தத்தில ஒரு துளி விழாமலே தண்ணி ஏறும். அங்கயும் அதே கதைதான், ஆனா எங்களுக்குக் கிடைக்கிற அவகாசம் அங்க கிடையாது. வெறும் பாறை, இறுகின மண், தண்ணி உறிஞ்ச ஒண்டுமில்லை, விழுந்த மழை முழுக்க அந்த இடுக்குக்குள்ள வந்து சேரும். 1997 ஓகஸ்ட் 12, அரிசோனாவில அன்டலோப் கேன்யன்ல 11 சுற்றுலாப் பயணிகள் அப்பிடித்தான் செத்துப் போனவை, புயல் மழை பெய்தது அவை நிண்ட இடத்தில இருந்து கனதூரம் தள்ளி. இப்ப நவாஹோ பழங்குடி வழிகாட்டி இல்லாம அங்க உள்ள விடமாட்டினம்.

யூலை நடுவில இருந்து செப்டெம்பர் வரை அந்தப் பக்கம் பின்னேர இடிமழைக் காலம். சையன்ல ஆத்துக்குள்ளாலயே நடக்கிற நேரோஸ் பாதைக்குப் போறதெண்டா அண்டைய வெள்ள எச்சரிக்கையை விசிட்டர் சென்டர்ல பாத்திட்டுத்தான் போகோணும். உள்ளுக்கு நிக்கேக்க தெளிஞ்ச தண்ணி கலங்குது, சுள்ளியும் சருகும் மிதந்து வருது, மேல இருந்து இரைச்சல் கேக்குது எண்டா போனையும் பையையும் பாக்காம உடனே உயரத்தில ஏறுங்கோ. வெளியால ஓடித் தப்பலாம் எண்டு நினைக்காதேங்கோ. காய்ஞ்ச மணல் ஓடையில டென்ட் அடிக்கிறதும் கூடாது, தரை மெத்தை மாதிரித்தான் இருக்கும், தண்ணி வாற வழியும் அதுதான்.

கேள்வி: கேம்ப்ல சோறு கறி சமைக்கலாமோ? — நிலாவெளி வாசகி

பதில்: சமைக்கலாம் தங்கச்சி, காஸ் அடுப்பு கொண்டு போங்கோ, கோடையில விறகு மூட்டத் தடை போடுறது வழமை. பிரைஸ் உயரத்தில தண்ணி 92 பாகையிலயே கொதிச்சிடும், பருப்பு அவியவே அவியாது, பிரஷர் குக்கர் வேணும். சாப்பாட்டை வெளியில விட்டிட்டுப் போகாதேங்கோ, கிராண்ட் கேன்யன் அணில் வடிவா வந்து கையை நீட்டும், பிறகு விரலைக் கடிக்கும், பிள்ளையளுக்கு முதலே சொல்லி வையுங்கோ. பழ ஆசை இருந்தா பிரைஸ்ல இருந்து கபிற்றோல் ரீஃப் தேசியப் பூங்காப் பக்கம் போங்கோ, அங்க ஃபுரூட்டா எண்ட இடத்தில பழைய குடியேற்றக்காரர் வைச்ச பழத்தோட்டம் இருக்கு, யூலையில காய்ச்சிருந்தா ஏப்ரிகொட் பறிக்கலாம். தோட்டத்துக்குள்ள நிண்டு சாப்பிட்டா காசில்லை, வெளியில கொண்டு போறதுக்கு மட்டும் நிறுத்துக் காசு குடுக்கோணும், எந்தத் தோட்டம் திறந்திருக்கு எண்டு வாசல்ல போர்ட் போட்டிருப்பினம்.