அல்சைமர் வெறும் மறதி நோய்தானா, உடம்பையும் பாதிக்குமா?

உடம்பையும் பாதிக்கும். "மறதிக்கு உடம்பு ஏன் இளைக்கணும்? நீ ஒழுங்கா சாப்பாடு போடுறியா?" என்று வீடியோ காலில் என் மாமியாரைப் பார்த்துவிட்டுக் கேட்ட நாத்தனாருக்குச் சொல்ல முடியாததை இங்கே சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் யாரோ இளைத்து, பழி உங்கள் தலையில் விழுந்திருக்கும் போல.

நான் டாக்டர் இல்லை. மாமியாரைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவள், அவ்வளவுதான். எல்லோருக்கும் இதே வரிசையில் வரும் என்றும் சொல்லவில்லை. "வயசானா வர்றதுதானே" என்று கிளம்புகிறவர்களுக்கு: ஜெர்மனியில் டாக்டர் அல்சைமர் 1901இல் பார்த்த அந்த முதல் நோயாளிக்கு வயது 51தான்.

மூளை செல்களுக்கு வெளியே அமிலாய்டு என்ற புரதம் திட்டுத்திட்டாகப் படிகிறது. உள்ளே டௌ என்ற புரதம் சிக்கலாகிறது. செல்கள் செத்து மூளையே சுருங்குகிறது. புதிய நினைவுகளைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸ் ஆரம்பத்திலேயே அடிபடும். அத்தைக்குக் காலையில் சாப்பிட்ட இட்லி நினைவிருக்காது, தன் கல்யாணப் பந்தியில் பரிமாறியதைச் சொல்வார். கைப்பழக்கம் மூளையில் வேறு பகுதிகளின் வேலை. என் பெயர் மறந்த பிறகும் மல்லிகையும் நாரும் கொடுத்தால் மளமளவென்று கட்டுவார். அதைப் பார்த்துவிட்டு "நடிக்கிறாங்க" என்றவர்களும் உண்டு.

அப்புறம் கையும் போனது. நடை தளர்ந்தது, சிறுநீரை அடக்க முடியவில்லை. சாயங்காலமானால் "எங்க வீட்டுக்குப் போகணும்" என்று வாசலுக்கு வந்துவிடுவார். கடைசியில் விழுங்குவதே போராட்டம். சோற்றைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பார். கெட்டியான கூழ் இறங்கும், தண்ணீர் கொடுத்தால் புரையேறும். அப்படி நுரையீரலுக்குள் போனதில் நிமோனியா வந்துதான் இறந்தார். இந்த நோயில் பலருடைய முடிவு அதுதான். போதாததற்கு இந்த நோய்க்குக் கொடுக்கிற டொனெபெசில் மாத்திரை சிலருக்குப் பசியையும் குறைக்கும். இளைத்தது என் சமையலால் இல்லை. நாத்தனார் படித்தால் படிக்கட்டும்.

கையெழுத்து மாறுவதும் இந்த நோயால்தான். இது எங்கள் வங்கிக்குப் புரியவில்லை. பழைய கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை, நேரில் கூட்டி வாருங்கள் என்றார்கள். ஆட்டோவில் ஏற்றி இறக்கிக் கூட்டிப்போன பிறகுதான் கைநாட்டு வாங்கினார்கள். 70 வயது தாண்டியவர்களுக்கு வீட்டுக்கே வந்து சேவை செய்யச் சொல்லி ரிசர்வ் வங்கி 2017லேயே உத்தரவு போட்டிருக்கிறது. கேட்டால், ஆள் இல்லையாம்.