லேமினேட் பண்ணாதீங்க, தூக்கியும் போடாதீங்க

கேள்வி: தாத்தாவோட ட்ரங்க் பெட்டியில அந்தக் கால நாடக நோட்டீஸ் ஒரு கட்டு இருக்கு, சிலதுல படமும் இருக்கு. வெறும் விளம்பரம்தானே, நல்லதா ஒண்ண லேமினேட் பண்ணி மாட்டிட்டு மத்தத போட்டோ எடுத்துட்டுப் போட்டுடலாமா? (தொண்டி வாசகர்)

பதில்: போட்டுடாதீங்க தம்பி, கெஞ்சிக் கேக்குறேன். 1895 ஜனவரி 1ஆம் தேதி பாரிஸ் சுவர்ல ஒட்டுன 'ஜிஸ்மோண்டா' போஸ்டரும் வெறும் விளம்பரம்தான், சாரா பெர்னார் நடிச்ச நாடகத்துக்கு அல்ஃபோன்ஸ் மூஹா வரஞ்சது, கல்லச்சுல அடிச்சு ஆளு உயரத்துக்கு மேல நின்னுச்சு, ஆசப்பட்டவங்க சுவத்துலேருந்து உரிச்சு எடுத்துட்டுப் போனாங்களாம், இன்னிக்கு அது மியூசியத்துல இருக்கு. நம்ம நோட்டீஸ் அவ்வளவு பகட்டில்ல, மெல்லிசு கலர் தாளு, நடுவுல அச்சுக்கட்டையில (பிளாக்) அடிச்ச ஒரு படம், அவ்வளவுதான். ஆனா ராஜபார்ட் (கதாநாயகன் வேஷம்) யாரு, ஸ்திரீபார்ட் (பொம்பள வேஷம்) யாரு, ஆர்மோனியம் யாருன்னு அதுலதான் இருக்கும்! நாடகம் எழுதுன சங்கரதாஸ் சுவாமிகள் 1922ல காலமானாரு, அவர் பேரு நிலைச்சுடுச்சு, அவரோட வள்ளி திருமணத்த நம்ம பக்கத்துத் திருவிழாவுல இன்னும் விடிய விடிய போடுறாங்க. அன்னிக்கு பபூன் வேஷம் கட்டுனவர் பேர எந்தப் புத்தகத்துல தேடுவீங்க?

1914ல பாம்பன் பாலம் திறந்து தனுஷ்கோடி வரைக்கும் ரயிலு, அங்கேருந்து தலைமன்னாருக்குக் கப்பல்னு ஆனப்புறம் நாடகக்காரங்க இலங்கைக்குப் போக நம்ம கரையே வழியாச்சு, அதனால கட்டுல கொழும்பு, யாழ்ப்பாணம்னு ஊர்ப் பேரு வந்தா தனியா எடுத்து வைங்க. பல நோட்டீஸ்ல வருஷமே இருக்காது, கிழமையும் தேதியும் மட்டும்தான், அடியில பொடி எழுத்துல இருக்குற பிரஸ் பேரையும் தாளையும் பாத்துத்தான் காலத்த கணிக்கணும், அந்தத் தாளு போட்டோவுல வருமா?

லேமினேஷன் வேண்டவே வேண்டாம், சூட்டுல பசை ஒட்டிக்கிட்டா அப்புறம் உரிக்க முடியாது. செல்லோடேப்பும் கூடாது. மடிப்ப மெதுவா பிரிச்சு, அமிலம் இல்லாத தாளுக்கு நடுவுல படுக்க வச்சு, கடல் பக்கத்துச் சுவர் ஓரமா இல்லாம உள் ரூம்ல வைங்க, உப்புக்காத்து ஈரம் ஆகாது.

காரைக்குடி பக்கம் கோட்டையூர்ல போர்டு எழுதிக்கிட்டிருந்த ரோஜா முத்தையா இந்த மாதிரி காகிதத்தையும் ஒண்ணு விடாம சேத்தாரு, அது இன்னிக்கு சென்னையில பெரிய நூலகமா நிக்குது. வீட்டுல வைக்க முடியலன்னா அங்க கேட்டுப் பாருங்க. அதுக்கு முன்னாடி, இருக்குற பேரு எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதி எனக்கு அனுப்புங்க, இந்தப் பக்கத்துலயே போடுறேன்.